இரண்டு விண்டோஸ், ஒரே கணினி: டிரைவ் எழுத்துகளை எப்படி வைத்துக்கொள்வது?

“பத்தில் டி டிரைவில் இருந்த படமெல்லாம் பதினொன்றில் காணோம். அங்கே டி-யைத் திறந்தால் வேறென்னவோ இருக்கிறது. எல்லாம் போச்சா?”

விண்டோஸ் 10-ஐ வைத்துக்கொண்டே பக்கத்தில் 11-ஐயும் போட்டவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி இது. 2025 அக்டோபர் 14-ஓடு பத்துக்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. ஆனால் பழைய ஸ்கேனர் பத்தில்தான் ஓடுகிறது, கடைக் கணக்கு அதில்தான் இருக்கிறது. அதனால் பலர் இரண்டையும் வைத்துக்கொள்கிறார்கள்.

எதுவும் போகவில்லை. ஃபைல்கள் இருந்த இடத்திலேயே இருக்கின்றன, எழுத்துதான் மாறியிருக்கிறது. சி, டி, இ என்பவை பார்ட்டிஷன்களுக்கு, அதாவது டிஸ்கைப் பிரித்த பகுதிகளுக்கு, வைக்கும் எழுத்துகள்; அவை ஹார்டு டிஸ்கில் எழுதப்பட்டவை அல்ல. ஒவ்வொரு விண்டோஸும் தன் அமைப்புகளைச் சேமித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரிக்குள் ‘மவுண்டட் டிவைசஸ்’ என்ற இடத்தில் “இந்தப் பார்ட்டிஷனை நான் இப்படிக் கூப்பிடுகிறேன்” என்று குறித்து வைத்துக்கொள்கிறது. இரண்டு விண்டோஸ் இருந்தால் இரண்டு குறிப்பேடு. ஒன்றில் எழுதியது மற்றதற்குத் தெரியாது. ஒரே ஆளை அம்மா வீட்டில் ஒரு பெயரும் மாமியார் வீட்டில் ஒரு பெயரும் சொல்லிக் கூப்பிடுகிற மாதிரி.

இது சின்ன விஷயம் என்று நானும் விட்டுவைத்திருந்தேன். என் கணினியில் எஸ்.எஸ்.டி.யில் இரண்டு விண்டோஸ், ஒரு டெரா ஹார்டு டிஸ்கில் இரண்டு பார்ட்டிஷன்: ஒன்றில் குடும்பப் படங்கள், இன்னொன்றில் அவற்றின் நகல். பத்தில் படங்கள் டி, நகல் இ. விண்டோஸோடு வரும் ரோபோகாப்பி என்ற நகலெடுக்கும் கட்டளையை வைத்து நாலு வரியில் ஒரு பேட்ச் ஃபைல் (கட்டளைகளை வரிசையாக ஓட்டும் ஃபைல்) எழுதியிருந்தேன்: டி-யில் இருப்பதை அப்படியே இ-யில் பிரதி எடு, இ-யில் கூடுதலாக ஏதாவது இருந்தால் அழித்துவிடு. ஒரு வருஷம் ஒழுங்காக ஓடியது.

ஒரு ராத்திரி பதினொன்றில் இருந்தபடி அதே பேட்ச் ஃபைலை ஓடவிட்டேன். பதினொன்று பழைய விண்டோஸ் பார்ட்டிஷனுக்கு டி என்று கொடுத்திருந்தது. படங்கள் இ-க்குத் தள்ளிப் போயிருந்தன, நகல் எஃப்-க்கு. கறுப்புத் திரையில் ‘எக்ஸ்ட்ரா’ என்று வரிவரியாக ஓடியதைப் பார்த்ததும் கை நடுங்கியது. பழைய விண்டோஸை என் படங்களின் மேல் பிரதி எடுத்துக்கொண்டிருந்தது கணினி. ‘கூடுதலாக’ இருந்த படங்களை ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டும் இருந்தது. நிறுத்துவதற்குள் பாதி போய்விட்டது. நகல் எஃப்-இல் பத்திரமாக இருந்ததால் பெரும்பாலானவை திரும்பக் கிடைத்தன. கடைசியாக நகல் எடுத்ததற்குப் பின் சேர்த்த மூன்று வாரப் படங்கள், அப்பாவின் அறுபதாம் கல்யாணம் உட்பட, திரும்பவில்லை. சொந்தக்காரர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பிய சின்னப் பிரதிகள்தான் இப்போது எங்களிடம் இருப்பவை.

அதனால்தான் இதை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

## எதை வைத்து அளப்பது

நான் பார்ப்பது ஐந்து விஷயங்கள். முக்கியத்துவ வரிசையில் சொல்கிறேன்.

1. தவறான இடத்தில் அழிப்பதற்கும் ஃபார்மேட் செய்வதற்கும் எவ்வளவு வாய்ப்பு இருக்கிறது?
2. ஒரே பாதையைக் கொடுத்தால் இரண்டு விண்டோஸிலும் ஒரே ஃபைல் வருகிறதா? ஷார்ட்கட், பேக்கப், பாட்டு லைப்ரரி எல்லாம் இதை நம்பித்தான் இருக்கின்றன.
3. நாளைக்கு ஒரு விண்டோஸை எடுத்துவிட்டால் மிச்சம் உள்ளது நிம்மதியாக இருக்குமா?
4. பென் டிரைவ் செருகினால், எடுத்தால் எழுத்துகள் இடம் மாறுமா?
5. வீட்டில் மற்றவர்களுக்கு விளக்கிச் சொல்லாமலே புரியுமா?

செய்து முடிக்க எவ்வளவு நேரம் ஆகும் என்பதை வேண்டுமென்றே சேர்க்கவில்லை. எந்த வழியானாலும் அரை மணி நேர வேலைதான், இரண்டாவது வழியைத் தவிர.

## முதல் வழி: விண்டோஸ் கொடுத்தபடியே விடுவது

செலவில்லாத வழி. புதிதாகப் போட்ட விண்டோஸ் தனக்கு சி வைத்துக்கொள்ளும். கண்ணில் படும் மற்ற பார்ட்டிஷன்களுக்கு டி, இ, எஃப் என்று கொடுத்துக்கொண்டே போகும்.

இதில் மறைந்திருக்கும் செலவு பென் டிரைவில் இருக்கிறது. புதிதாகச் செருகும் எதற்கும் காலியாக உள்ள முதல் எழுத்தை விண்டோஸ் கொடுக்கும். வெளி ஹார்டு டிஸ்க் எஃப் என்று இருந்தது. அதைக் கழற்றி வைத்திருந்த நேரத்தில் ஒரு பென் டிரைவ் வந்து எஃப்-ஐ எடுத்துக்கொண்டது. பிறகு டிஸ்கை மாட்டினால் அது ஜி. எஃப்-ஐ நம்பியிருந்த பேக்கப் அன்றைக்கு பென் டிரைவில் போய் எழுதும். ஒரே விண்டோஸ் உள்ள வீட்டிலும் இது நடக்கும். இரண்டு இருந்தால் குழப்பம் இரட்டிப்பு.

இன்னொன்று. அடுத்த விண்டோஸின் பார்ட்டிஷன் எக்ஸ்புளோரரில் திறந்து கிடக்கும். அதன் யூசர்ஸ் ஃபோல்டருக்குள் நுழைந்தால் “உங்களுக்கு அனுமதி இல்லை, தொடரவா?” என்று கேட்கும். தொடர் என்று அழுத்தினால் அந்த ஃபோல்டரின் அனுமதிப் பட்டியலே மாற்றி எழுதப்படும். இடம் பற்றவில்லை என்று யாராவது அங்கே உள்ள விண்டோஸ் ஃபோல்டரை அழிக்கப் பார்ப்பதும் நடக்கிற கதைதான்.

சரி, இந்த வழி யாருக்கு? இரண்டாவது விண்டோஸைப் பத்து நாள் போட்டுப் பார்த்துவிட்டு எடுத்துவிடப் போகிறவர்களுக்கு. பொதுவான டேட்டா பார்ட்டிஷன் எதுவும் இல்லை, பேக்கப் ஸ்கிரிப்ட் எதுவும் இல்லை என்றாலும் இது போதும். அப்போதும் பார்ட்டிஷனுக்கு ஒரு லேபிளாவது வையுங்கள். எழுத்துதான் விண்டோஸின் குறிப்பேட்டில் இருக்கிறது. லேபிள் பார்ட்டிஷனிலேயே எழுதப்படுகிறது, எந்த விண்டோஸில் பார்த்தாலும் அதே பெயர்தான் தெரியும். விண்டோஸ் வழக்கமாகப் பயன்படுத்தும் என்.டி.எஃப்.எஸ். ஃபார்மேட்டில் 32 எழுத்துக்குறி வரை போகலாம், தமிழிலும் வைக்கலாம். எங்கள் வீட்டில் ‘குடும்பம்’, ‘நகல்’ என்று இருக்கின்றன. கமாண்ட் பிராம்ப்ட்டில் மட்டும் தமிழ் சரியாகத் தெரியாது. அங்கே அளவைப் பார்த்து அடையாளம் காண வேண்டும்.

## இரண்டாவது வழி: ஒவ்வொரு பார்ட்டிஷனுக்கும் எங்கும் ஒரே எழுத்து

கேட்பதற்கு இதுதான் நியாயமாகப் படும். பத்து எப்போதும் சி, பதினொன்று எப்போதும் டி, எந்த விண்டோஸில் இருந்து பார்த்தாலும் அப்படியே. எக்ஸ்பி காலத்தில் இது தானாகவே நடந்தது. இரண்டாவதாகப் போட்ட எக்ஸ்பி தனக்கு அடுத்த காலி எழுத்தை எடுத்துக்கொள்ளும். விஸ்டாவுக்குப் பிறகு, டிவிடியிலோ பென் டிரைவிலோ பூட் செய்து போட்டால் புதிய விண்டோஸ் தனக்கே சி என்று வைத்துக்கொள்ளும். பழைய பழக்கம் வேண்டுமென்றால், ஓடிக்கொண்டிருக்கும் விண்டோஸுக்குள்ளிருந்தே செட்டப்பைத் திறந்து, கஸ்டம் முறையில் இன்னொரு பார்ட்டிஷனைக் காட்ட வேண்டும். அங்கே அந்தப் பார்ட்டிஷனுக்கு எந்த எழுத்து இருந்ததோ அதுவே புதிய விண்டோஸின் எழுத்தாகிவிடும்.

ஆகிவிட்டால் ஆகிவிட்டதுதான். விண்டோஸ் தான் உட்கார்ந்திருக்கும் பார்ட்டிஷனின் எழுத்தை மாற்ற டிஸ்க் மேனேஜ்மென்ட் விடாது. ரெஜிஸ்ட்ரியில் கை வைத்து மாற்றினால் உள்ளே ஆயிரம் இடங்களில் பழைய எழுத்து நிற்கும், கணினி பாதியில் நின்றுவிடும்.

பெரிய செலவு பின்னால் வருகிறது. இப்போது இரண்டு விண்டோஸ் வைத்திருப்பவர்களில் பலர் என்றைக்காவது ஒருநாள் பத்தை எடுத்துவிடுவார்கள். அன்றைக்கு மிஞ்சுவது சி இல்லாத, டி-யில் ஓடும் ஒரு விண்டோஸ். சி என்றே கண்ணை மூடிக்கொண்டு எழுதப்பட்ட பிரிண்டர் சாஃப்ட்வேர்களும் பழைய கணக்கு சாஃப்ட்வேர்களும் அங்கே முரண்டு பிடிக்கும். அதுவரையாவது தொல்லை இல்லாமல் இருக்குமா என்றால் அதுவும் இல்லை: டி-யில் ஓடும் விண்டோஸில் இன்ஸ்டால் செய்கிற சில புரோகிராம்கள், சி-யில் இருக்கும் பக்கத்து விண்டோஸுக்குள் போய் ஃபைல்களைப் போட்டுவிட்டு வரும்.

எழுத்து விஷயத்தில் மிகச் சுத்தமான வழி இது, சாஃப்ட்வேர் சோதிக்கிறவர்களுக்குப் பொருந்தும். வீட்டுக் கணினிக்கு நான் சொல்ல மாட்டேன்.

## மூன்றாவது வழி: இரண்டும் சி, பொதுவானதற்கு மட்டும் ஒரே எழுத்து

என் கணினியில் இப்போது இருப்பது இது. மூன்றே விதி. எந்த விண்டோஸில் இருக்கிறோமோ அது சி. மற்ற விண்டோஸின் பார்ட்டிஷனுக்கு எழுத்தே கிடையாது. பொதுவான டேட்டா பார்ட்டிஷனுக்கு இரண்டிலும் ஒரே எழுத்து.

அந்தப் பொது எழுத்தை நடுவில் இருந்து எடுங்கள். எம், என், ஓ, ஆர் இப்படி. பென் டிரைவ்கள் முன்னாலிருந்து ஏறி வரும். நெட்வொர்க் டிரைவ்களுக்கு எக்ஸ்புளோரர் இசட்டில் தொடங்கிப் பின்னாலிருந்து இறங்கி வரும். நடுவில் யாரும் வர மாட்டார்கள். டி-யையும் இ-யையும் ஒன்றுக்கொன்று மாற்றப் போனால் தற்காலிகமாக மூன்றாவது எழுத்து ஒன்று வேண்டும். நேராக எம்-க்குப் போய்விட்டால் அந்த வேலையும் இல்லை.

செய்முறை எளிது. ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக், டிஸ்க் மேனேஜ்மென்ட். பொதுப் பார்ட்டிஷனில் ரைட் கிளிக் செய்து ‘சேஞ்ச் டிரைவ் லெட்டர்’ போய் எம் கொடுங்கள். மற்ற விண்டோஸின் பார்ட்டிஷனில் அதே இடத்தில் ‘ரிமூவ்’. எழுத்தை நம்பியிருக்கும் புரோகிராம்கள் ஓடாமல் போகலாம் என்று ஒரு எச்சரிக்கை வரும்; சரி கொடுக்கலாம். ரீஸ்டார்ட் செய்து அடுத்த விண்டோஸிலும் இதையே செய்யுங்கள்.

“எழுத்தை எடுத்துவிட்டால் அந்த விண்டோஸ் பூட் ஆகாமல் போய்விடுமா?” போகாது, வழக்கம்போல் பூட் ஆகும். நீங்கள் அழித்தது இந்த விண்டோஸின் குறிப்பேட்டில் இருந்த ஒரு வரியை. அந்தப் பார்ட்டிஷனில் ஒரு பைட்டுகூட மாறவில்லை. ஆனால் ‘ரிமூவ்’ வேறு, ‘டிலீட் வால்யூம்’ வேறு. ‘ரிமூவ்’ இருக்கும் பெட்டியைத் திறக்கிற ‘சேஞ்ச் டிரைவ் லெட்டர்’, ‘டிலீட் வால்யூம்’ இரண்டும் ஒரே ரைட் கிளிக் மெனுவில் இருக்கின்றன. பார்ட்டிஷனின் அளவையும் லேபிளையும் வாய்விட்டுப் படித்துவிட்டு அழுத்துங்கள். நான் இன்றும் அப்படித்தான் செய்கிறேன்.

டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் ஃபோல்டர்களை ப்ராப்பர்டீஸ் வழியாக ‘லொகேஷன்’ மாற்றி எம்-க்குக் கொண்டுபோகலாம். இரண்டு விண்டோஸிலும் ஒரே படங்கள். டெஸ்க்டாப்பை மட்டும் அப்படிச் சேர்க்காதீர்கள். ஒன்றில் மட்டும் இருக்கும் புரோகிராமின் ஷார்ட்கட் இன்னொன்றில் செத்துக் கிடக்கும்.

செலவு இல்லாமல் இல்லை. விண்டோஸை மறுபடி போட்டால் எல்லாவற்றையும் திரும்பச் செய்ய வேண்டும். பெரிய அப்டேட் வந்த பிறகு ஒருமுறை பார்த்துக்கொள்ளவும் வேண்டும்: விண்டோஸ் 10-க்கு 2018 ஏப்ரலில் வந்த அப்டேட், அதுவரை மறைந்திருந்த ரெக்கவரி பார்ட்டிஷன்களுக்குப் பல கணினிகளில் எழுத்து கொடுத்துவிட்டது. “டிஸ்கில் இடமில்லை” என்ற எச்சரிக்கை நாள் முழுக்க வந்துகொண்டிருந்தது. பார்ட்டிஷன் பட்டியலைப் பழைய எம்.பி.ஆர். முறையில் வைத்திருக்கும் டிஸ்க் என்றால் இன்னொரு கவனம். அங்கே விண்டோஸ் ஒரு பார்ட்டிஷனை அடையாளம் காண்பது டிஸ்கின் 4 பைட் கையெழுத்தையும் பார்ட்டிஷன் தொடங்கும் இடத்தையும் வைத்துத்தான். ஜிபார்ட்டெட் போன்ற பார்ட்டிஷன் கருவியில் தொடக்கத்தை நகர்த்தினால் எழுத்து மறந்துபோகும். புதிய முறையான ஜி.பி.டி. டிஸ்கில் பார்ட்டிஷனுக்கே தனி அடையாள எண் உண்டு, அதனால் நகர்த்தினாலும் நினைவிருக்கும்.

மறைப்பது பூட்டுவது அல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். வைரஸுக்கு எழுத்து தேவையில்லை. வீட்டு ஆட்களின் கைத்தவறுக்கு மட்டுமே இது காவல்.

## நான்காவது வழி: எழுத்துக்குப் பதில் ஃபோல்டர்

அதே ‘சேஞ்ச் டிரைவ் லெட்டர்’ பெட்டியில், எழுத்துக்குப் பதிலாகக் காலியான ஒரு என்.டி.எஃப்.எஸ். ஃபோல்டரைக் காட்டலாம். விண்டோஸ் 2000-இல் இருந்தே உள்ள வசதி. சி-க்குள் ‘வீடு’ என்று ஒரு ஃபோல்டர். அதைத் திறந்தால் ஹார்டு டிஸ்க் பார்ட்டிஷன். இரண்டு விண்டோஸும் தம்மைச் சி என்றே சொல்லிக்கொள்வதால் பாதை இரண்டிலும் ஒன்றே. பென் டிரைவ் பிரச்சினை அடியோடு போய்விடும்.

ஆனால் புரோகிராம்கள் காலி இடத்தைப் பார்க்கும்போது சில நேரம் சி-யின் இடத்தைத்தான் பார்க்கும். 600 ஜி.பி. காலியாக இருந்தும் “இடம் பற்றவில்லை” என்று சொல்லும். பேக்கப் சாஃப்ட்வேர் சில அந்த ஃபோல்டருக்குள் நுழையாமல் தாண்டிப் போகும். சி-யைப் பேக்கப் எடுத்தாயிற்று என்று நிம்மதியாக இருப்போம், படங்கள் அதில் இருக்காது. சில உள்ளே நுழைந்து எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு வரும். உங்களுடையது எந்த வகை என்று ஒருமுறை சோதித்துத்தான் தெரிந்துகொள்ள முடியும். எனக்கு அதைவிடப் பெரிய பயம், வீட்டில் யாராவது அதைச் சாதாரண ஃபோல்டர் என்று நினைத்து அழித்துவிடுவது. டிரைவ் என்றால் ஒரு தயக்கம் இருக்கும், ஃபோல்டருக்கு அது கிடையாது.

நாலைந்து டிஸ்க் வைத்திருக்கும் ஒற்றை ஆளுக்கு இது அருமையான வழி. பலர் உட்காரும் கணினிக்கு வேண்டாம்.

| | தானாக விடுவது | எங்கும் ஒரே எழுத்து | இரண்டும் சி, பொது எழுத்து | ஃபோல்டர் |
|---|---|---|---|---|
| தவறாக அழிக்கும் ஆபத்து | அதிகம் | நடுத்தரம் | குறைவு | நடுத்தரம் |
| பாதை ஒன்றேயா | இல்லை | எல்லாவற்றுக்கும் | பொது டேட்டாவுக்கு | பொது டேட்டாவுக்கு |
| ஒன்றை எடுத்துவிட்டால் | தொல்லை இல்லை | டி-யிலேயே மாட்டிக்கொள்ளும் | தொல்லை இல்லை | தொல்லை இல்லை |
| பென் டிரைவ் குழப்பம் | உண்டு | டேட்டாவுக்கு நடு எழுத்து என்றால் இல்லை | இல்லை | இல்லை |
| வீட்டாருக்குப் புரிவது | புரியாது | ஓரளவு | புரியும் | விளக்க வேண்டும் |

ஒன்றை எடுத்துவிடும்போது எழுத்துக்கு அப்பால் ஒரு விஷயம். பூட் ஃபைல்கள் பெரும்பாலும் முதலில் போட்ட விண்டோஸ் இருந்த டிஸ்கில்தான் இருக்கும். பழையது தனி டிஸ்கில் இருக்கிறது என்று அந்த டிஸ்கையே கழற்றினால், இரண்டாவதும் பூட் ஆகாது.

## ஒரு பக்கம் லினக்ஸ் இருந்தால்

தமிழ்நாட்டில் பலர் டூயல் பூட்டை முதலில் பார்த்ததே 2011-இல் தொடங்கிய அரசு இலவச மடிக்கணினிகளில், விண்டோஸும் பாஸ் லினக்ஸும் சேர்ந்து வந்தபோது. லினக்ஸில் எழுத்தே கிடையாது என்பதால் தேர்வும் சுலபம். டிஸ்க் மாட்டும் வரிசையைப் பொறுத்து மாறக்கூடிய எஸ்டிஏ, எஸ்டிபி பெயர்களை நம்பாமல், எந்தப் பார்ட்டிஷனை எங்கே ஏற்றுவது என்று லினக்ஸ் படிக்கும் எஃப்எஸ்டேப் ஃபைலில், பார்ட்டிஷனின் அடையாள எண்ணான யூயூஐடி-யைக் கொடுத்து ஏற்றுங்கள். டிஸ்க் இல்லாத நாளிலும் கணினி பூட் ஆக ‘நோஃபெயில்’ சேர்த்துக்கொள்ளுங்கள். பொதுப் பார்ட்டிஷனை என்.டி.எஃப்.எஸ்.ஸிலேயே வைக்கலாம், 2021-இல் வந்த 5.15 முதல் லினக்ஸின் மையமான கெர்னலிலேயே அதற்கு எழுதும் வசதியுள்ள டிரைவர் இருக்கிறது.

விண்டோஸ் பக்கத்தில் ஒரே ஒரு ஆபத்து. லினக்ஸ் பார்ட்டிஷனுக்கு ஏதோ ஒரு காரணத்தால் எழுத்து வந்துவிட்டால், அதைத் தொட்டதும் “ஃபார்மேட் செய்யவா?” என்று விண்டோஸ் கேட்கும். வீட்டில் யாரோ ‘ஆமாம்’ என்று அழுத்தினால் லினக்ஸ் போயிற்று. முன்பெல்லாம் லினக்ஸ் கருவிகள் ஜி.பி.டி.யில் விண்டோஸ் டேட்டாவுக்கு உள்ள அதே வகைக் குறியையே தம் பார்ட்டிஷன்களுக்கும் பயன்படுத்தின, அதனால் பழைய டிஸ்குகளில் இது நடக்கும். எழுத்தை உடனே எடுத்துவிடுங்கள்.

## எந்த வழியானாலும் இதை அணைத்துவிடுங்கள்

விண்டோஸ் 8-இல் வந்த ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப். ‘ஷட் டவுன்’ கொடுத்தால் விண்டோஸ் முழுவதும் அணைவதில்லை. கெர்னலை டிஸ்கில் உறங்கவைத்துவிட்டுப் போகிறது. டிஸ்கில் என்ன இருக்கிறது என்ற அதன் நினைவும் சேர்ந்து உறங்குகிறது. அந்த இடைவெளியில் அடுத்த விண்டோஸோ லினக்ஸோ பொதுப் பார்ட்டிஷனில் எழுதினால், விழித்தெழும் முதல் விண்டோஸ் பழைய நினைவோடு மேலே எழுதும், ஃபைல்கள் கெடும். லினக்ஸ் இதைக் கண்டுபிடித்து, படிக்க மட்டும் திறக்கும் அல்லது திறக்கவே மறுக்கும். கன்ட்ரோல் பேனலின் பவர் ஆப்ஷன்ஸில், பவர் பட்டன் என்ன செய்ய வேண்டும் என்ற பக்கத்தில் டிக்கை எடுத்துவிடுங்கள், இரண்டு விண்டோஸிலும். ‘ரீஸ்டார்ட்’ மட்டும் எப்போதும் முழுதாக அணைத்துத்தான் தொடங்கும். அதனால் ரீஸ்டார்ட் வழியாகவே மாறி மாறிப் போகிறவர்களுக்கு இந்தக் கோளாறு பல மாதம் கண்ணில் படாது. திடீரென்று ஒருநாள் படும்.

பேட்ச் ஃபைலை நான் விட்டுவிடவில்லை. படங்கள் இப்போது எம், நகல் என், இரண்டு விண்டோஸிலும். எழுத்தை மட்டும் நம்புவதையும் நிறுத்திவிட்டேன். இரண்டு பார்ட்டிஷனின் தொடக்கத்திலும் ஆளுக்கொரு காலி டெக்ஸ்ட் ஃபைல் போட்டிருக்கிறேன், ஒன்றின் பெயர் ‘மூலம்’, மற்றதன் பெயர் ‘பிரதி’. ரோபோகாப்பி தொடங்கும் முன் எம்-மில் மூலமும் என்-னில் பிரதியும் இருக்கிறதா என்று பேட்ச் ஃபைல் பார்க்கும். பிரதியெடுக்கும்போது அந்த இரண்டு ஃபைலையும் தொடாதே என்றும் சொல்லியிருக்கிறேன். இரண்டில் ஒன்று இல்லையென்றாலும் எதையும் தொடாமல் நின்றுவிடும்.